ஒரே சாவி, பல கதவுகள்



"எந்த ஆப்பைத் திறந்தாலும் கூகுள் மூலம் நுழையச் சொல்கிறதே, யார் சார் கண்டுபிடித்தது?" என்று பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் சும்மா விடுவேனா!

1983-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம், ஐபிஎம், டிஇசி கம்பெனிகளின் துணையோடு 'அதீனா' திட்டத்தைத் தொடங்கியது. எந்த மாணவரும் வளாகத்தில் எந்தக் கணினியிலும் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கலாம். ஆனால் வலையமைப்பில் பாஸ்வேர்டு பயணம் செய்தால் வழியில் ஒட்டுக்கேட்கலாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைந்த இடம் வேறு!

அதற்காகப் பிறந்ததுதான் 'கெர்பரோஸ்'. கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். காலையில் ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்தால் மைய சர்வர் ஒரு சீட்டு தரும். அதைக் காட்டி மின்னஞ்சலுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று எனத் தனித்தனிச் சீட்டுகள் வாங்கிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு வலையில் போவதே இல்லை. சில மணி நேரத்தில் சீட்டு காலாவதி. நம் ஊர் ஒருநாள் பஸ் பாஸ் மாதிரி. இன்றும் பல அலுவலக விண்டோஸ் கணினிகளுக்குள் இந்த நாய்தான் காவல்.

அங்கே சாவி வைத்திருந்தது கல்லூரி. 1999-இல் மைக்ரோசாஃப்ட் 'பாஸ்போர்ட்' கொண்டுவந்தபோது, உலகத்துக்கே ஒரு கம்பெனி சாவிக்காரன் ஆகப் பார்த்தது. அந்த டிசம்பர் 24-இல் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பாஸ்போர்ட் தளத்தின் பெயருக்கான 35 டாலர் கட்டணத்தைக் கட்ட அந்தப் பெரிய கம்பெனி மறந்துவிட்டது. ஹாட்மெயில்காரர்கள் பலர் வாசலில் நின்றார்கள். மறுநாள், கிறிஸ்துமஸ் அன்று, சம்பந்தமே இல்லாத ஒரு லினக்ஸ் புரோகிராமர் தன் கைக்காசைக் கட்டித் திறந்துவிட்டார்!

சாவி ஒருவரிடமே இருக்கக்கூடாது என்று 2005-இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 'ஓப்பன் ஐடி' முறையை உருவாக்கினார். யார் வேண்டுமானாலும் சாவிக்காரர் ஆகலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்குத் தனி சர்வர் வைத்துப் பராமரிக்க எத்தனை பேருக்கு முடியும்? அதன் வாரிசான முறையில்தான் இன்றைய கூகுள் பொத்தான் இயங்குகிறது. சாவி மறுபடியும் பெரிய வீடுகளுக்கே போய்விட்டது.

2021 அக்டோபர் 4 நினைவிருக்கிறதா? வாட்ஸ்அப்பும் இந்த ஃபேஸ்புக்கும் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. ஃபேஸ்புக் பொத்தானை அழுத்தி வேறு தளங்களுக்குள் போய்ப் பழகியவர்களுக்கு அங்கேயும் கதவு திறக்கவில்லை.

கதை கேட்கும் செயலிகளுக்கு நானும் அந்தப் பொத்தானைத்தான் அழுத்துகிறேன். பென்ஷன் வரும் வங்கிக் கணக்குக்கு மட்டும் தனிப் பாஸ்வேர்டு. அதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை!