எது அசல் வண்டி? 'கேப்டன் அமெரிக்கா' ஏலம் போன கதை

2014 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு ஏலத்தில் பழைய ஹார்லி-டேவிட்சன் ஒன்று 13.5 லட்சம் டாலருக்குப் போனது. ஏல நிறுவனத்தின் கமிஷனைச் சேர்த்தால் 16 லட்சத்தைத் தாண்டும். பெட்ரோல் டேங்கில் அமெரிக்கக் கொடி, நீண்டு முன்னால் போகும் ஃபோர்க், முதுகு சாய உயரமான கம்பி. 1969-ல் வந்த 'ஈஸி ரைடர்' படம் பார்த்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பீட்டர் ஃபோண்டா ஓட்டிய 'கேப்டன் அமெரிக்கா' அது.

அதே நேரத்தில் டெக்சாஸில் இன்னொருவரிடமும் ஒரு 'கேப்டன் அமெரிக்கா' இருந்தது. அவரும் அதை அசல் என்று நம்பித்தான் வாங்கியிருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு வண்டிகளுக்கும் அசல் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் ஒரே ஆள், நடிகர் டான் ஹாகர்ட்டி. ஏலத்துக்கு முன்பே லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகையில் இந்தச் சிக்கல் விரிவாக வந்துவிட்டது. அப்படியும் 13.5 லட்சம்.

வீட்டில் பிரித்துக் கோர்த்த பழைய வண்டியை விற்கும்போது உண்மையில் எதை விற்கிறோம் என்று யோசிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே பார்த்துவிடுவோம்.

போலீஸ் வண்டி

படத்துக்காக வாங்கியது புது வண்டிகள் இல்லை. போலீஸ் ஓட்டிக் கழித்த பழைய ஹைட்ரா-கிளைடுகள். 1949, 1950, 1952 மாடல்கள். ஏலத்தில் 500 டாலர் அளவில் எடுத்ததாகச் சொல்வார்கள். முன் ஃபோர்க்கில் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் வந்ததால் ஹார்லி வைத்த பெயர்தான் ஹைட்ரா-கிளைடு. பின்பக்கம் சஸ்பென்ஷனே கிடையாது. அது 1958-ல்தான் வந்தது. எஞ்சின் 1,200 சிசி. சிலிண்டர் ஹெட்டின் மேல்மூடி கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருப்பதால் 'பேன்ஹெட்' என்பார்கள்.

இப்படி நான்கு வண்டிகள். ஃபோண்டாவுக்கு இரண்டு, டென்னிஸ் ஹாப்பருக்கு இரண்டு. ஒன்று பழுதானால் மாற்று வேண்டுமில்லையா? போலீஸ் சாமான்களையெல்லாம் கழற்றிப் போட்டார்கள். ஃபிரேமின் கழுத்தை வெட்டி, சாய்வை மாற்றி வெல்டிங் வைத்தார்கள். 'சாப்பர்' என்ற பெயரே இந்த வெட்டுவதிலிருந்து வந்ததுதான். நீளமான ஃபோர்க், சின்ன டேங்க், எங்கே பார்த்தாலும் குரோம். கேப்டன் அமெரிக்காவுக்கு முன் பிரேக்கே கிடையாது.

யார் கட்டியது?

பல வருடங்கள் இந்த வண்டி என்றாலே ஃபோண்டாவின் பெயர்தான் அடிபட்டது. கட்டியது வேறு ஆட்கள். கிளிஃப் வாஸ், பென் ஹார்டி. இருவரும் கறுப்பினத்தவர்கள்.

ஹார்டி தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக். வாஸ் சிவில் உரிமைப் போராட்டத்தில் இறங்கிய ஆள், புகைப்படக்காரரும்கூட. 1964-ல் மேரிலாண்ட் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் ஊரில் தேசியக் காவல் படையினர் அவரைப் பிடித்து இழுக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. டேனி லயன் எடுத்தது. அந்தப் போராட்டக் காலத்தின் முக்கியமான படங்களில் ஒன்று. ஆனால் படத்தில் இழுபடும் ஆளும் கேப்டன் அமெரிக்காவைக் கட்டிய ஆளும் ஒருவர்தான் என்பது ரொம்ப நாள் பலருக்குத் தெரியாது. படத்தின் டைட்டிலில் வாஸ் பெயரும் இல்லை, ஹார்டி பெயரும் இல்லை.

ஹார்டி 1994-ல் இறந்துவிட்டார். வாஸின் பங்கு பரவலாக வெளியே வந்ததே 2014 வாக்கில், அதாவது வண்டி ஏலம் போன அதே சமயத்தில். 2016-ல் அவரும் போய்விட்டார். வேலை செய்தவர்களின் பெயர் வெளியே வர 45 வருஷம் ஆகியிருக்கிறது.

மிச்சம் ஒன்று

நான்கில் மூன்று வண்டிகள் படம் வெளிவருமுன்பே திருடு போயின. பிரித்துப் பாகங்களாக விற்றிருப்பார்கள் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. மிஞ்சிய ஒரு கேப்டன் அமெரிக்கா கடைசிக் காட்சியில் நொறுங்கியது. அதை எடுத்துக்கொண்டுபோய் மறுபடி கட்டியவர்தான் ஹாகர்ட்டி. படத்தில் சின்ன வேஷத்தில் வந்தவர், வண்டிகளைப் பார்த்துக்கொள்வதிலும் கூட இருந்தவர். பின்னால் அந்த வண்டி அயோவா மாநிலத்தில் அனமோசா என்ற ஊரில் ஒரு மோட்டார்சைக்கிள் அருங்காட்சியகத்தில் பல வருடம் நின்றது. அதற்குப் பிறகுதான் ஏலம்.

ஆக, முதலில் போலீஸ் வண்டி. அதை வெட்டிச் சாப்பராக்கினார்கள். சாப்பர் நொறுங்கியது. நொறுங்கியதை மறுபடி கட்டினார்கள். இதில் எது அசல்?

நம்பர் எங்கே இருக்கு?

நம்ம ஊர் ஆர்சி புக்கில் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் இருக்கும். ஒன்று பொருந்தாவிட்டால் ஆர்டிஓ ஆபீஸில் கேள்வி வரும். 1970-க்கு முந்தைய ஹார்லிகளில் ஃபிரேமில் வண்டி நம்பரே அடிக்கமாட்டார்கள். எஞ்சினின் கிராங்க் கேஸில் அடித்த நம்பர்தான் வண்டியின் நம்பர், பத்திரத்திலும் அதுதான். அதனால் பழைய ஹார்லி வாங்குபவர்கள் குனிந்து எஞ்சினின் அடிவயிற்றைப் பார்ப்பார்கள். கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளும் ஃபேக்டரியிலிருந்து ஜோடியாக வந்தவைதானா என்று காட்டும் நம்பர் அங்கே இருக்கும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கழுத்தை வெட்டி வெல்டிங் வைத்த அந்த ஃபிரேம்தான் கேப்டன் அமெரிக்காவின் உயிர். வாஸும் ஹார்டியும் செய்த வேலை முழுக்க அதிலும் ஃபோர்க்கிலும் டேங்கிலும்தான் இருக்கிறது. அதற்கு அடையாள எண் எதுவும் இல்லை. அடையாள எண் உள்ள எஞ்சினோ எல்லா ஹைட்ரா-கிளைடிலும் இருப்பதுதான். சாப்பரை நிரூபிக்க நம்பர் உதவாது. மிஞ்சுவது ஆள் சொல்லும் சாட்சி. அந்த ஆளே இரண்டு வண்டிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால்?

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நிரலில் ஒரு வரி மாற்றினாலும் யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று கிட் லாகில் பதிவாகிவிடும். பத்து வருடம் கழித்து ஒரு வரிகூடப் பழையது மிஞ்சாமல் போகலாம். ஆனாலும் அது அதே மென்பொருள்தான் என்று சொல்ல முடிவது அந்தப் பதிவு அறுபடாமல் இருப்பதால். வண்டிக்கும் இதே கணக்குதான் என்பது என் கருத்து. பாகங்கள் மாறுவதால் அசல் போய்விடாது, மாறியதற்குப் பதிவு இல்லாவிட்டால்தான் போகும். ஏலத்தில் பேசப்பட்ட 'அசலா போலியா' என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்: படப்பிடிப்புக் காலத்திலேயே கட்டியவர்கள் பெயரை எழுதி, அவர்களிடம் நாலு போட்டோவும் பில்லும் வாங்கி வைத்திருந்தால் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீர்ந்திருக்கும். எந்த ஃபிரேம் என்று ஹார்டி பார்த்தே சொல்லியிருப்பார். வெல்டிங் வைத்த கைக்குத் தன் வெல்டிங் தெரியாதா? 1994 வரை அவர் உயிரோடுதான் இருந்தார்.

வாசிப்பவர்களில் பழைய புல்லட்டோ யெஸ்டியோ பிரித்துக் கட்டி வைத்திருப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். விற்கும்போது ஆர்சியோடு ஒரு நோட்டும் சேர்த்துக் கொடுங்கள். எந்தப் பாகம் எப்போது மாறியது, எங்கே வாங்கியது, ஃபிரேமைத் தொட்டது யார், எஞ்சினை இறக்கியது யார், பெயின்ட் அடித்தது யார் என்று. முக்கியமாக மெக்கானிக்கின் முழுப்பெயரை எழுதுங்கள். 'நம்ம பாய் கடை', 'மூர்த்தி அண்ணன்' என்று மட்டும் எழுதினால் அடுத்து வாங்குபவருக்கு ஒன்றும் புரியாது.