சாகாத காகிதங்கள்

மனிதனுக்கு ஆயுள் உண்டு, மரத்துக்கும் உண்டு. ஆனால் கோர்ட்டு பிறப்பித்த கைது வாரண்டுக்கு ஆயுள் எத்தனை வருஷம் என்று நியூயார்க் நகரத்தில் கேட்டால், 'முடிவே இல்லை' என்றுதான் பதில் வரும். கையெழுத்திட்ட நீதிபதி ஓய்வு பெற்றிருக்கலாம். சம்மன் எழுதிய போலீஸ்காரர் காலமாகியிருக்கலாம். காகிதம் மட்டும் கண்மூடாது.

அது பிறந்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். பூங்கா அடைத்த பிறகும் அங்கே உட்கார்ந்திருந்தார் ஒருவர். நடைபாதையில் சைக்கிள் விட்டான் ஒரு பையன். தெருவில் நின்று பீர் குடித்தார் மற்றொருவர். குறித்த தேதியில் கோர்ட்டுக்குப் போயிருந்தால் சிறு அபராதத்தோடு விஷயம் முடிந்திருக்கும். ஒரு நாள் கூலி போய்விடுமே என்றோ, கையில் பணமில்லை என்றோ, வெறும் மறதியாலோ போகவில்லை. பிறந்தது வாரண்டு!

பிறகு என்ன? வேலை தேடும்போதும், வீடு தேடும்போதும், குடியுரிமைக்கு மனுப் போடும்போதும் அந்தக் காகிதம் நிழலாகத் தொடரும். தம் வீட்டில் திருட்டுப் போனால்கூட அவர் போலீஸை அழைக்க அஞ்சுவார். கண்ணெதிரே குற்றம் நடந்தாலும் சாட்சி சொல்ல வரமாட்டார். நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல, சர்க்காருக்கும்தான்.

மிஸௌரி மாநிலத்துப் பெர்கூஸன் என்ற சிற்றூரின் கதை இன்னும் விசித்திரமானது. ஜனத்தொகை சுமார் 21,000. 2014 டிசம்பரில் அவ்வூர்க் கோர்ட்டின் வாரண்டு நிலுவையில் இருந்தவர்களோ, வெளியூர்க்காரர்களையும் சேர்த்து, 16,000 பேருக்கு மேல்! அந்த ஆகஸ்டில் மைக்கேல் பிரௌன் என்ற இளைஞர் போலீஸ் அதிகாரி சுட்டு இறந்தார், ஊர் கொந்தளித்தது. மத்திய நீதி இலாகா விசாரித்து, 2015 மார்ச்சில் உண்மையை உடைத்துச் சொன்னது: நகரசபை அபராதத்தைத் தண்டனையாக அல்ல, வருமானமாக நினைத்து வந்திருக்கிறது. அவ்வருஷம் ஆகஸ்டில் புதிய நீதிபதி, 2014 முடிவுக்குள் பிறந்த வாரண்டுகள் அத்தனையையும் திரும்பப் பெற்றார்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மாவட்ட அட்டர்னி கென் தாம்ஸன் வேறொரு வழி கண்டார். கோர்ட்டுக்கு வரத்தானே ஜனங்கள் அஞ்சுகிறார்கள்? கோர்ட்டே அவர்களிடம் போனால் என்ன? 2015 ஜூனில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில் நீதிபதியை அமர்த்தினார். நூற்றுக்கணக்கானவர்கள் தைரியமாக வந்து, சுமை இறங்கி வீடு திரும்பினார்கள். 2016-இல் தாம்ஸன் நோயால் மறைந்தார். அவர் தொட்ட காரியம் மறையவில்லை.

2017-இல் நகரத்தின் நிலுவை சுமார் 15 லட்சம். அந்த ஆகஸ்டில் மன்ஹாட்டன், புரூக்ளின், பிராங்ஸ், குவீன்ஸ் ஆகிய நான்கு பகுதி அட்டர்னிகளும், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட சில்லறை வாரண்டுகளைத் தள்ளுபடி செய்யுமாறு கோர்ட்டைக் கேட்டார்கள். சுமார் 6,44,000 காகிதங்கள் ஒருவாறு மோட்சம் அடைந்தன.

ஐந்தாவது பகுதியான ஸ்டேடன் தீவின் அட்டர்னி மட்டும் சேரவில்லை. ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வந்து அபராதம் கட்டினவர்களுக்கு இது அநீதியல்லவா என்று கேட்டார். அலட்சியமாக ஒதுக்கக்கூடிய கேள்வியல்ல அது. கடமையைச் செய்தவன் ஏமாளியாகிவிடக் கூடாது.

ஆனாலும் ஒன்று யோசியுங்கள், வாசகர்களே! பீர் குடித்த குற்றத்துக்கு அபராதம் சில டாலர்கள். வராதவன் பத்து வருஷம் பயந்து வாழ்ந்தானே, அந்தப் பயம் எந்தச் சட்டத்தில் எழுதிய தண்டனை? வந்தவன் கட்டிய கடனைவிட வராதவன் கட்டியது அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.