உப்புத் தண்ணீர் ஏன் வெடிக்கவில்லை?

சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கும், குளோரின் வாங்கிக்கொள்ளும், இரண்டும் அயனிகளாகிச் சேர்ந்து உப்பாகும். பள்ளியில் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். வரலாறு நடந்தது தலைகீழாக. அயனிக்குப் பெயர் வைத்து அறுபது வருஷம் கழித்துத்தான் எலக்ட்ரானே வந்து சேர்ந்தது.

பெயரை வைத்தவர் மைக்கேல் ஃபாரடே, 1834இல். கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் வீவெல் எடுத்துக்கொடுத்த கிரேக்கச் சொல். 'போவது' என்று பொருள். கரைசலில் மின்சாரம் பாயும்போது ஏதோ ஒன்று இரு முனைகளையும் நோக்கிப் போகிறது. அது என்ன என்று யாருக்கும் தெரியாது. மின்சாரம்தான் மூலக்கூறைப் பிய்த்துப் போடுகிறது என்று பெரும்பாலோர் நம்பினார்கள்.

1884இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 25 வயது ஸ்வான்டே அர்ரீனியஸ் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். நீர்த்த கரைசல்கள் எவ்வளவு மின்சாரம் கடத்துகின்றன என்று அளந்து எழுதியது. கரைசலை நீர்க்க நீர்க்க, கரைந்ததில் கடத்தும் பங்கு கூடுகிறது என்றார். அங்கே வேதியியல் பேராசிரியர் பெர் டியோடர் கிளீவ். ஹோல்மியம், தூலியம் என்று இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்தவர். ஆய்வேட்டுக்குக் கிடைத்தது ரொம்பக் குறைந்த தர மதிப்பீடு. ரிகாவிலிருந்து வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் அந்த இளைஞனைப் பார்க்கவே உப்சாலாவுக்கு வந்த பிறகுதான் சொந்த ஊரில் கொஞ்சம் மரியாதை வந்தது.

1887இல் அர்ரீனியஸ் விஷயத்தைப் பச்சையாகவே சொல்லிவிட்டார்: மின்சாரம் பாய வேண்டியதே இல்லை, தண்ணீரில் போட்டதுமே உப்பு அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. வான்ட் ஹாஃபின் கணக்கு கைகொடுத்தது. சர்க்கரை மூலக்கூறுகள் எத்தனையோ அத்தனை உப்பு மூலக்கூறுகளைக் கரைத்தால், தண்ணீரின் உறைநிலை கிட்டத்தட்ட இருமடங்கு இறங்குகிறது. ஒன்று இரண்டாகியிருந்தால் கணக்கு சரி.

வேதியியலாளர்கள் விடவில்லை. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கும். குளோரின் பச்சை மஞ்சள் நச்சு வாயு. இரண்டும் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் தனித்தனியாகத் திரிகின்றனவா? அதை நாம் குடிக்கிறோமா? மின்னூட்டம் பெற்ற சோடியம் வேறு, வெறும் சோடியம் வேறு என்பதே அர்ரீனியஸ் தரப்பின் பதில். சரியான பதில்தான். ஆனால் மின்னூட்டம் என்றால் எது கூடியது, எது குறைந்தது? அதைச் சொல்ல அன்று யாராலும் முடியாது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் எதிர்த்தவர்கள் பக்கம். 'வேலை செய்யுது, ஏன்னு தெரியல' என்று ஒரு நிரல் என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தால் நானும் திருப்பித்தான் அனுப்புவேன். 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார். 1903இல் அர்ரீனியஸுக்கு நோபல் பரிசு. தேர்வுக் குழுவில் அதே கிளீவ். அப்போதும் 'ஏன்' பாக்கியிருந்தது. 1916இல்தான் ஜெர்மனியில் கோசலும் அமெரிக்காவில் லூயிஸும் கணக்கை முடித்தார்கள்: 11 எலக்ட்ரான் உள்ள சோடியம் ஒன்றை இழந்து நியான் போல 10 ஆகிறது, 17 உள்ள குளோரின் ஒன்றைப் பெற்று ஆர்கான் போல 18 ஆகிறது.

சோடியம் ஒன்றும் வள்ளல் இல்லை. அந்த எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவு. குளோரின் வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349தான். நஷ்ட வியாபாரம். எதிரெதிர் மின்னூட்டங்கள் படிகத்தில் ஒன்றையொன்று இழுத்து அடுக்கிக்கொள்ளும்போது வெளிவரும் ஆற்றல்தான் நஷ்டத்தை ஈடுகட்டி லாபமாக்குகிறது. பாடப்புத்தகம் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது.

அந்தப் படிகம் அர்ரீனியஸையும் திருத்தியது. 1913இல் பிராக் எக்ஸ் கதிர் கொண்டு பார்த்தபோது, உப்புக்குள் சோடியம் குளோரைடு மூலக்கூறு என்ற ஜோடியே இல்லை. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின். அயனிகள் திண்மத்திலேயே இருந்தன, தண்ணீர் அவற்றைப் பிரித்துவிட்டது, அவ்வளவுதான். இதையும் எல்லோரும் ஏற்கவில்லை. 1927இல், எண்பதை நெருங்கிய ஆங்கில வேதியியலாளர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங், பாவம் இந்தச் சாதா உப்பு என்று தலைப்பிட்டு, சதுரங்கப் பலகை போன்ற இந்த அடுக்கைக் கண்டித்து நேச்சர் இதழுக்குக் கோபமாக எழுதினார்.