நெல்லூர்ச் சீமையில் பாப்டிஸ்ட் சபைகளின் பணமும் தானியமும்

பாப்டிஸ்ட் மரபில் ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கிறது. அதற்கு மேலே ஆணையிடும் பேராயர் இல்லை. பல சபைகள் கூடி அமைக்கும் சங்கம் உதவி கேட்கலாம், கணக்குக் காட்டிப் பங்கு வேண்டலாம். வரி போட முடியாது. ஆனால் சங்கத்தின் தலையில் விழும் செலவுகளோ தலைமுறைக் கணக்கில் நீள்பவை: புதிய ஊர்களுக்குப் போகும் உபதேசியார், வேதாகமப் பள்ளி, மருத்துவமனை, முதுமையடைந்த போதகரின் பராமரிப்பு. வற்புறுத்த முடியாத ஓர் அமைப்பு இத்தகைய செலவை எப்படித் தாங்கும் என்பதற்குத் தென்னிந்தியாவில் மிக நீண்ட அனுபவம் நெல்லூர்ச் சீமைக்கு உண்டு.

சத்தியவேட்டுக்கு வடக்கே, தமிழும் தெலுங்கும் சேர்ந்து புழங்கும் வரதய்யபாளையம் இந்தச் சீமையின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. அதன் கிழக்கே சூளூர்ப்பேட்டையில் 1865-ல் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனைச் சேர்ந்த அகஸ்ட் மிலியஸ் லூத்தரன் பணியைத் தொடங்கினார். நாயுடுப்பேட்டை, காளஹஸ்தி, திருப்பதி எனத் தெற்குப் பகுதி லூத்தரன்களிடமும், நெல்லூரிலிருந்து ஓங்கோல் வரையிலான வடக்குப் பகுதி அமெரிக்க பாப்டிஸ்டுகளிடமும் வளர்ந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் எதிரி நாட்டவராகிக் காவலில் வைக்கப்பட்டபோது, லூத்தரன் சபைகளுக்கு வந்துகொண்டிருந்த பணமும் ஆளும் ஒரே வீச்சில் நின்றன. அமெரிக்காவின் ஒஹாயோ லூத்தரன்கள் அந்தப் பணியை ஏற்று நடத்த வேண்டியதாயிற்று. ஒரே நாட்டை நம்பியிருப்பதன் அபாயம் இந்த வட்டாரம் நேரில் கண்ட ஒன்று.

பாப்டிஸ்டுகளின் முதல் இந்திய முயற்சி வேறு வழியில் நடந்தது. 1792 அக்டோபர் 2-ல் இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஒரு வீட்டில் கூடியவர்கள் எழுதிக் கொடுத்த வாக்குறுதித் தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தத் தொகையை வைத்துக்கொண்டு வங்காளத்தில் ஒரு மிஷனை ஓட்ட முடியாது. அவர்கள் அனுப்பிய வில்லியம் கேரி முதலில் அவுரி ஆலையில் வேலை பார்த்தார். 1800-ல் செராம்பூரில் ஜோஷுவா மார்ஷ்மனோடும் வில்லியம் வார்டோடும் சேர்ந்த பிறகு, மார்ஷ்மன் தம்பதியர் நடத்திய விடுதிப் பள்ளிகளின் கட்டணம், வார்டின் அச்சகம், ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் கேரி வாங்கிய சம்பளம் எல்லாம் ஒரே பொதுப் பையில் விழுந்தன. அவரவர் தேவைக்குச் சிறு தொகை போக மீதியெல்லாம் ஊழியத்துக்குப் போனது. உழைத்துச் சம்பாதித்து மிஷன் நடத்திய அந்த ஏற்பாடு மூவரின் அசாதாரணமான திறமையில் நின்றது. அதை அப்படியே மற்ற இடங்களில் திரும்பச் செய்ய முடியவில்லை.

நெல்லூர் மிஷன் அமெரிக்கக் காணிக்கையை நம்பிப் பிறந்தது. 1836-ல் இந்தியா வந்த சாமுவேல் டே, விசாகப்பட்டினம், சிக்காகோல், சென்னை என்று சுற்றி 1840-ல் நெல்லூரில் குடியேறினார். 1844-ல் அங்கே சபை உருவானது. பலனோ சொற்பம். அப்போது பர்மாவில் அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியம் கரேன் மக்களிடையே வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. நெல்லூருக்குப் போகும் பணத்தைப் பர்மாவில் போட்டால் என்ன என்ற கேள்வி மிஷன் தலைமையகம் இருந்த பாஸ்டனில் எழுந்தது. 1848, 1853, 1862 என மூன்று முறை நெல்லூரை மூடும் யோசனை வந்தது. 1853-ல் ஆல்பனி நகரில் கூடிய மாநாட்டில் வரைபடத்தில் தனியாகத் தெரிந்த நெல்லூரை ஒருவர் ‘ஒற்றை நட்சத்திரம்’ என்று குறிப்பிட, சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் அன்றிரவே அதைப் பாட்டாக எழுதினார். அந்தப் பாட்டு மிஷனைக் காப்பாற்றியது. நெல்லூரின் நிலை அவ்வளவு பலவீனமாயிருந்தது என்பதும் உண்மை: கடலுக்கு அப்பால் ஒரு கூட்டத்தின் மனநிலை மாறினால் இங்கே சபை மூடப்பட்டிருக்கும். 1862-ல் அமெரிக்காவுக்குத் திரும்பியிருந்த நெல்லூர் மிஷனெரி லைமன் ஜூவெட், மிஷன் கைவிட்டாலும் தான் நெல்லூருக்கே போவதாக உறுதியாக நின்றதால்தான் மூன்றாவது ஆபத்து விலகியது.

நிலைமை மாறியது ஓங்கோலில். 1866-ல் அங்கே போன அமெரிக்க மிஷனெரி ஜான் எவரெட் கிளவ், 1867 ஜனவரி 1 அன்று எட்டுப் பேரோடு சபையைத் தொடங்கினார். எர்ரகுண்ட்ல பெரய்யா என்ற மாதிகர் மூலம் செய்தி சேரிகளுக்குள் பரவியது. மாதிகர்கள் தோல் தொழிலாளர்கள். கிணற்றில் நீர் இறைக்கும் தோல்பறி, செருப்பு, மாட்டு வார் ஆகியவற்றைச் செய்து கொடுத்துவிட்டு, அறுவடைக் காலத்தில் களத்தில் தானியமாகப் பங்கு வாங்குபவர்கள். அவர்கள் கையில் ரொக்கம் புழங்கியதில்லை. எனவே தங்கள் போதகரை அவர்கள் பராமரித்த முறையும் அந்த வாழ்க்கையிலிருந்தே வந்தது. ஊர் ஊராக நடந்த உபதேசியாருக்குச் சேரியில் சோறு போட்டார்கள், தங்க இடம் கொடுத்தார்கள், விளைச்சல் நேரத்தில் தானியம் அளந்தார்கள். மிஷன் தன் பங்காக ஒரு சிறு தொகை கொடுத்தது. காலாண்டுக்கு ஒரு முறை உபதேசியார்கள் ஓங்கோலில் கூடிக் கணக்கும் அனுபவமும் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டை ஏழ்மையின் தற்காலிக வழி என்று எண்ணுவது தவறு. குருவுக்குச் சோறிடுவது அந்த மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கடமை. புதிய சபை அதைத் தனதாக்கிக்கொண்டது. ரொக்கச் சந்தா கேட்டிருந்தால் யாராலும் தந்திருக்க முடியாது. தானியம் என்றபோது எல்லோராலும் தர முடிந்தது. கிளவின் நிதித் திறமையில் மிக நுட்பமானது இந்த இடம்தான். ஆனால் கிறிஸ்தவரான மாதிகர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போக மறுத்தார், கோயில் திருவிழாவுக்குப் பறையடிக்க மறுத்தார். கோபமடைந்த நிலக்காரர் களத்துப் பங்கை நிறுத்தினால் போதகரின் சோறும் சேர்ந்தே நின்றது. கொடுப்பவரின் பிழைப்பு பாதுகாப்பாக இல்லாதவரை சபையின் வருமானமும் பாதுகாப்பாக இருக்கவில்லை.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் இது முழு அளவில் வெளிப்பட்டது. தானியமே இல்லாதபோது காணிக்கைக்கு எங்கே போவது? அரசு வெட்டிக்கொண்டிருந்த பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் நீளத்தைக் கிளவ் ஒப்பந்தம் எடுத்தார்.  அவருடைய உபதேசியார்கள் மேஸ்திரிகளாக நின்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மண் வெட்டிக் கூலி வாங்கினார்கள். ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களையோ அவர் பதினைந்து மாதம் காத்திருக்க வைத்தார். நிவாரணச் சோற்றுக்காகச் சபையில் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்பதே காரணம். நிவாரணம் முடிந்த பிறகு, 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றங்கரையில் வெல்லம்பள்ளியில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். நிவாரணப் பணத்தையும் சபைச் சேர்க்கையையும் அவர் பிரித்து வைத்தது சரியான முடிவு.

சுயநிர்வாகம், சுயஆதரவு, சுயபரம்பல் என்ற கொள்கையை மிஷன் நிர்வாகிகளான ஹென்றி வென்னும் ரூஃபஸ் ஆண்டர்சனும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வகுத்திருந்தார்கள். பர்மாவின் பசீன் கரேன் சபைகள் அதை நடத்திக் காட்டின: மிஷனெரி எலிஷா அபட் காலத்திலிருந்தே தங்கள் போதகர்களைத் தாங்களே தாங்கி, 1878-ல் கரேன் உபதேசியார் கோ தா ப்யூவின் நினைவு மண்டபத்தையும் தங்கள் பணத்திலேயே எழுப்பின. ஆனால் கரேன் மக்களில் பலர் சொந்த நெல் வயல் உள்ளவர்கள். நிலமற்ற மாதிகர் சேரியிடம் அதே அளவை எதிர்பார்த்த மிஷனெரிகள், கிராமப் பொருளாதாரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

தனிமனித ஆர்வம் மட்டும் போதாது என்பதற்கும் இதே கரையில் சான்று உண்டு. தாமஸ் கேப்ரியல் என்ற தெலுங்கர் தந்தித் துறை வேலையை விட்டு காக்கிநாடாவில் சொந்த முயற்சியில் பாப்டிஸ்ட் ஊழியம் நடத்தினார். கடன் சேர்ந்தது. அவர் கனடா பாப்டிஸ்டுகளிடம் உதவி கேட்க, 1874-ல் ஜான் மெக்லாரின் அங்கே போனார். சிறிது காலத்திலேயே கேப்ரியல் இறந்தார். பின்னால் நிற்கப் பல சபைகளின் சங்கம் ஒன்று அவருக்கு இருந்திருந்தால், கடனை ஒருவரே சுமந்திருக்க வேண்டியதில்லை.

மறுபுறம் அமெரிக்கப் பணம் பெரிய கட்டடங்களாக நின்றது: இராமபட்டணத்து வேதாகமப் பள்ளி, நெல்லூர் மகளிர் மருத்துவமனை, ஓங்கோலின் கிளவ் நினைவு மருத்துவமனை, உயர்நிலைப் பள்ளிகள். பள்ளிகளுக்கு அரசின் உதவித்தொகையும் மாணவர் கட்டணமும், மருத்துவமனைகளுக்கு நோயாளிகளின் கட்டணமும் ஓரளவு துணை நின்றன. ஆனால் கட்டக் கொடுத்தவர்கள் பராமரிக்கவும் முதல் தொகை வைத்துவிட்டுப் போனது அரிது. கூரை ஒழுகும்போது அதைச் சரிசெய்யும் பொறுப்பு, கட்டும்போது கருத்துக் கேட்கப்படாத உள்ளூர்ச் சபைகள் மேல் விழுந்தது.

1962-ல் நெல்லூரைத் தலைமையிடமாகக் கொண்டு தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகளின் சமாவேசம் என்ற சங்கம் அமைந்தது. நிர்வாகத்தோடு மிஷன் காம்பவுண்டுகளைக் காக்கும் சுமையும் இந்தியர் கைக்கு வந்தது. நகரம் வளர்ந்து நிலமதிப்பு ஏறியபோது, வாடகைக்கு விட்டு முதலைக் காக்கும் வாய்ப்பும் வந்தது, விற்றுத் தின்றுவிடும் ஆசையும் வந்தது. தென்னிந்தியச் சபை அமைப்புகள் பலவற்றில் சொத்து வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதற்கு இதுவே வேர். முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவிடும் விதியும், எல்லாச் சபைகளின் முன்னும் கணக்கு வைக்கும் வழக்கமும் இல்லாத இடத்தில் நிலம் சங்கத்தைக் காப்பாற்றுவதில்லை.

சிறு கொடைக்கு உள்ள வலுவை மிசோரம் காட்டியது. 1910-ல் அய்ஸால் பிரெஸ்பிட்டீரியன் பெண்கள், உலையில் போடும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். மிசோ பாப்டிஸ்டுகளும் அதை மேற்கொண்டார்கள். சேர்ந்த அரிசியை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகிறது. திருநெல்வேலித் தமிழ்ச் சபைகள் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தை அமைத்து, அடுத்த ஆண்டே தங்கள் காணிக்கையில் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பின. இரண்டிலும் தொகை சிறிது; ஆனால் அது தொடர்ந்து வந்தது, கொடுத்தவர்களே கணக்கும் கேட்டார்கள்.

வெளிநாட்டுப் பணத்தின் காலம் சட்டத்தாலும் சுருங்கிவிட்டது. 1976-ன் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ல் புதிதாக இயற்றப்பட்டு 2020-ல் மேலும் இறுக்கப்பட்டது. பெற்ற தொகையை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பணம் புதுடெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் திறந்த கணக்கில்தான் வர வேண்டும். வெளியிலிருந்து வாங்கித் தனித்தனியாகப் பதிவு பெற்ற தன் சபைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய வேலையைச் சங்கம் இனிச் செய்ய முடியாது.