ஹார்ன் முனையைச் சுற்றிய வழிகள்: கரைக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட தூரம்

ஜார்ஜ் ஆன்சனின் ஆங்கிலேயக் கப்பற்படை 1741-இல் ஹார்ன் முனையில் சின்னாபின்னமானது. அந்தப் பயணத்தைப் பற்றி 1748-இல் வெளிவந்த நூல், பின்னால் வருவோருக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது: கரைப்பக்கம் போகவே வேண்டாம், ஸ்டேட்டன் தீவுக்குக் கிழக்கே ஒதுங்கி, தெற்கே 61, 62 டிகிரி வரை இறங்கிய பிறகே மேற்கே திரும்ப வேண்டும். நூறாண்டு கழிந்து 1851 ஜூலையில், தென்கோளத்தின் நடுக்குளிர்காலத்தில், நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்ற ‘பிளையிங் கிளவுட்’ என்ற கிளிப்பர் கப்பல் அதே முனையை 5 மைல் தொலைவில் கடந்தது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே விட வேண்டிய தூரம் ஏன் இப்படிச் சுருங்கியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. புயலோடு மல்லுக்கு நின்ற வீரக்கதைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. கப்பல் தான் நிற்கும் இடத்தை அறியக் கற்றுக்கொண்ட வரலாறு அவற்றின் நிழலில் மறைந்து கிடக்கிறது. அதுவே முதன்மையானது என்பது என் கருத்து.

சிலியின் தென்கோடியில், தெற்கு அட்சரேகை 55 டிகிரி 58 நிமிடத்தில் உள்ள ஒரு சிறு தீவின் பாறை முனை இது. இதற்கும் அண்டார்க்டிகா பக்கத்துத் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் அகலத்துக்கு டிரேக் கடல்வழி. நிலத்தின் குறுக்கீடே இல்லாமல் உலகைச் சுற்றிவரும் மேலைக்காற்றும், அதனோடு ஓடும் கிழக்கு நோக்கிய நீரோட்டமும் இந்த இடைவெளிக்குள் நெருக்கப்படுகின்றன. ஆழ்கடலில் எழுந்து வரும் அலைகள் முனையருகே திடீரென ஆழம் குறையும்போது செங்குத்தாகி உடைகின்றன. கிழக்கே போகிறவனுக்குக் காற்று முதுகில். மேற்கே போகிறவனுக்கோ காற்று, அலை, நீரோட்டம் மூன்றும் முகத்தில். ஆகவே மாலுமிகள் முனையைத் தாண்டியதை மட்டும் கணக்கில் கொள்ளவில்லை. அட்லாண்டிக்கில் தெற்கு 50 டிகிரியிலிருந்து பசிபிக்கில் தெற்கு 50 டிகிரி வரை போய்ச் சேர்ந்தால்தான் சுற்றியதாகக் கணக்கு.

இந்த வழியைத் திறந்தது வணிகப் போட்டி. 1520-இல் மாகெல்லன் கண்ட நீரிணையும் நன்னம்பிக்கை முனை வழியும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக இருந்தன. அதை மீறாமல் மீற வேண்டும் என்பது ஐசக் லெ மேரின் திட்டம்: மூன்றாவது வழி ஒன்று இருந்தால் சட்டம் அதைத் தடுக்காது. அவர் மகன் யாக்கோப் லெ மேரும் வில்லெம் ஸ்கௌட்டனும் இரண்டு கப்பல்களில் புறப்பட்டனர். ஒன்று படகோனியாக் கரையில் அடிப்பகுதியைச் சுத்தம் செய்யும்போது எரிந்துபோனது. மற்றதில் 1616 ஜனவரி 29 அன்று முனையைக் கடந்து, ஸ்கௌட்டனின் ஊரான ஹோர்ன் பெயரை அதற்கு இட்டனர். ஜாவாவில் கம்பெனி அதிகாரி கூன் புதுவழியை நம்ப மறுத்துக் கப்பலைப் பறிமுதல் செய்தார். யாக்கோப் ஊர் திரும்பும் வழியிலேயே இறந்தார். தந்தை வழக்காடி வென்றார் என்றாலும், காலம் கடந்த வெற்றி அது.

வழி தெரிந்த பிறகும் நீரிணையா, முனையா என்ற தயக்கம் நீண்டது. நீரிணையைக் கடக்க ஆங்கிலேய மாலுமி வாலிஸுக்கு 1766-67-இல் ஏறக்குறைய நான்கு மாதம் பிடித்தது; அடுத்த ஆண்டு பிரெஞ்சு மாலுமி பூகன்வீலுக்கு 52 நாள். பாய்க்கப்பலுக்கு அங்கே திரும்ப இடமில்லை. மலையிலிருந்து திடுமென இறங்கும் சுழல்காற்று வேறு. நீராவிக் கப்பல் வந்தபோதுதான், 1840-க்குப் பின், நீரிணை வசதியான பாதையாயிற்று.

ஆன்சனிடம் திரும்புவோம். 1740 செப்டம்பரில் தாமதமாகக் கிளம்பிய அவருடைய படை, 1741 மார்ச்சில், கோடை கழிந்த பின், ஸ்டேட்டன் தீவுக்கும் கரைக்கும் இடையிலுள்ள லெ மேர் நீரிணையைத் தாண்டியது. ஐந்து வாரத்துக்கும் மேலாக மேற்கே போராடிய பின், முனையைத் தாண்டிவிட்டதாக நம்பி வடக்கே திரும்பினார்கள். ஏப்ரல் நடுவில் ஓர் இரவு, நிலவொளியில், முன்னால் சென்ற ‘அன்னா’வின் கண்ணில் நேரெதிரே பாறைக்கரை பட்டது. கணக்குப்படி அக்கரை பத்து டிகிரிக்கு மேல் கிழக்கே, அதாவது 600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்திருக்க வேண்டும். கப்பல் நீரில் முன்னேறிய தூரத்தை அளந்தார்கள். அந்த நீரே கிழக்கே ஓடியதை அளக்க அவர்களிடம் கருவியில்லை. அட்சரேகையைச் சூரியனைக் கொண்டு கண்டுவிடலாம். கடலில் தீர்க்கரேகையைக் காணும் முறை அன்று இல்லை. இரண்டு கப்பல்கள் ஊர் திரும்பின, ‘வேஜர்’ மே மாதம் சிலிக் கரையில் மோதி உடைந்தது, ஸ்கர்வி நோய் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. 61, 62 டிகிரி என்ற அறிவுரையை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். கரை எங்கே என்று தெரியாதவன் கரையிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகுவது நியாயமே.

ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக் 1769-இல் அந்த அறிவுரையைப் பொருட்படுத்தாமல் லெ மேர் நீரிணை வழியாகவே சென்றார். கோடைக்காலம், சந்திரனுக்கும் சூரியன், விண்மீன்களுக்கும் இடையிலான கோணத் தூரத்தைக் கொண்டு தீர்க்கரேகை கணிக்கும் முறையும் கையில் இருந்தது. அந்நீரிணையிலிருந்து 33 நாளில் சுற்றி முடித்துவிட்டார். ஆனால் இருப்பிடம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு 1788-இன் ‘பௌன்டி’ என்ற ஆங்கிலேயக் கப்பல் சான்று. தீர்க்கரேகை காண உதவும் துல்லியக் கடிகாரமான க்ரோனோமீட்டர், கென்டல் செய்த அருமையான ஒன்று, அதன் கேப்டன் பிளையிடம் இருந்தது. மார்ச் இறுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் முட்டிமோதியும் பயனில்லாமல், ஏப்ரல் 22 அன்று நன்னம்பிக்கை முனை நோக்கித் திரும்பினார். கடிகாரம் அவருக்குத் தந்த நன்மை, தோல்வியை நேரத்தோடு காட்டியதுதான்.

அடுத்து வேண்டியிருந்தது காற்றின் கணக்கு. பீகிள் முதலிய கப்பல்கள் 1820, 30-களில் கரையை அளந்து நம்பகமான வரைபடம் தந்தன. வாஷிங்டனில் மேத்யூ மோரி பழைய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தொகுத்து, 1847 முதல் காற்று, நீரோட்ட வரைபடங்கள் வெளியிட்டார். தங்கள் குறிப்புகளை அனுப்பிய கேப்டன்களுக்கு அவை இலவசம். ‘பிளையிங் கிளவுட்’டின் கேப்டன் ஜோசையா கிரீசி. வழி கணித்தவரோ அவர் மனைவி எலினார். 89 நாள் 21 மணியில் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தார்கள். அந்த 5 மைல் துணிச்சலின் அடியில் கரையளவையும் க்ரோனோமீட்டரும் எலினாரின் கணக்கும் இருந்தன.

எதிர்க்காற்றில் மேற்கே முன்னேறுவது எப்படி என்ற மிச்சமிருந்த புதிரை, வெடியுப்பு ஏற்றிச் சென்ற ஜெர்மானியப் பாய்க்கப்பல்கள் அவிழ்த்தன. 1875 முதல் ஹாம்பர்க்கின் அரசுக் கடலாய்வு நிலையம் பாய்க்கப்பல்களின் வானிலைக் குறிப்புகளைத் திரட்டி வழிகாட்டிகள் வெளியிட்டது. முனைக்குத் தெற்கே காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே நகர்கின்றன. ஒவ்வொன்றும் நெருங்கும்போது வடமேற்குக் காற்று; கடந்துபோனதும் தென்மேற்குக் காற்று. முன்னதில் தென்மேற்கே சாய்ந்தோடி, காற்று மாறிய நொடியில் வடமேற்கே திருப்பினால் இரண்டிலும் மேற்கே ஓரளவு முன்னேறலாம். தாழ்வின் தென்புறத்தில் கிழக்குக் காற்றே கிடைக்கும். ஆன்சன் தரப்பின் 62 டிகிரியில் இந்த வகையில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் அங்கே பனிப்பாறைகள். தேர்ச்சி இருந்தும் காற்று கைவிடுவதுண்டு: 1905-இல் ‘சூசன்னா’ 50-இலிருந்து 50 வரை போக 99 நாள் எடுத்தது. 1938-இல் ‘பிரிவால்’ அதே தூரத்தை, அதே மேற்குத் திசையில், 5 நாள் 14 மணியில் முடித்தது. அதற்குள் பனாமாக் கால்வாய் திறந்து 24 ஆண்டு ஆகிவிட்டது. சரக்குடன் முனையைச் சுற்றிய கடைசிப் பாய்க்கப்பல் 1949-இன் ‘பமீர்’.

இன்று முனையைச் சுற்றுவோர் பெரும்பாலும் சாகசப் படகோட்டிகள். 2025 பிப்ரவரியில் இந்தியக் கடற்படையின் பாய்ப்படகான ‘தாரிணி’யில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் இம்முனையைக் கடந்தார்கள். நியூசிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி, மேலைக்காற்றை முதுகில் வாங்கிய பயணம் அது. தென்கடலின் குளிரும் அலையும் அதிலும் குறைவில்லை. எதிர்த்திசை இன்னும் சிலருக்கே கைவருகிறது. தனியாளாக இடைநில்லாமல் உலகைக் கிழக்கு நோக்கிச் சுற்றிய முதல் பயணம் 1969-இல் முடிந்தது. மேற்கு நோக்கிய முதல் பயணத்தைச் சே பிளைத் 1971-இல் முடித்தார்.