கைரேகைச் சட்டம்

கணினி வருமுன்பே மனிதரைத் தரவாக்கி அடுக்கிய முறை. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தொடங்கியது. சுழி விழுந்த விரல்களுக்கு எண் கொடுத்துக் கூட்டி, சீட்டுகளை 1,024 அறைகளில் பிரித்தார்கள். கணக்கை வகுத்ததில் பெரும்பங்கு அங்கே பணியாற்றிய அஜிசுல் ஹக்குடையது; பெயர் மட்டும் அவருடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போனது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் இந்த ரேகைப் பதிவைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. அன்றைய மதுரை மாவட்டத்தில், எந்தக் குற்றமும் செய்யாத பிறமலைக் கள்ளர் ஆண்களும் விரலில் மை தோய்த்துப் பதிய வேண்டியிருந்தது; வெளியூர் போக ராதாரி என்னும் அனுமதிச் சீட்டும் தேவைப்பட்டது. பிறப்பையே குற்றமாக எழுதிய பதிவேடு அது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டதில் மாயக்காள் உட்பட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது.