பதிப்புரிமைக் காவலும் இணைய உரிமையும்: பாரதி பாடல்கள் முதல் 2012ஆம் ஆண்டுத் தடையாணை வரை

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்துள்ள ஊர் கருங்குழி. அவ்வூரினின்று நாடோறும் புகைவண்டியில் வந்து எம்மிடம் முதுகலை பயிலும் மாணவியார் ஒருவர், தம் ஆய்வேட்டிற்கு வேண்டிய பழம்பதிப்பு ஒன்றை இணையத்திற் கண்டு, அதன் முகவரியைக் குறித்து வைத்திருந்தார். சின்னாள் கழித்து அதனை மீண்டும் நாடியபோது, அந்நூல் மட்டுமன்றி அதனைத் தாங்கிய தளம் முழுவதுமே திறவாதாயிற்று. பதிப்புரிமை பற்றிய முறையீட்டினால் தடுக்கப்பட்டது என்னும் ஒரு வரியே திரையில் நின்றது. அவர் எம்மிடம் கேட்ட வினா சிறியது: 'நான் படித்தது களவா, ஐயா?'

இவ்வினாவிற்கு ஆம் என்றோ அன்று என்றோ ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. பதிப்புரிமை யாருக்கு உரியது, எத்துணைக் காலம் உரியது என்பது ஒன்று. அவ்வுரிமையைக் காக்க விதிக்கப்படும் தடை எவ்வளவு அகலமானது என்பது மற்றொன்று. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே இன்றைய பூசல் பெரிதும் விளைகின்றது. தமிழ்நாட்டில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு இவ்வேறுபாட்டினை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. படியெடுத்தல் என்னும் மரபு

தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தது படியெடுத்தலால் என்பது யாவரும் அறிந்ததே. ஓலை நெடுங்காலம் நில்லாது. பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் எழுதியவர்களாலேயே நூல்கள் வாழ்ந்தன. கல்லிற் பொறித்தனவும் இந்நெறிக்கு விலக்கல்ல. செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவற் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரிற் பொறிக்கச் செய்தார். அவை பழங்கல்லின் படி என்று குறிக்கவும் பெற்றன. மூலம் இது, படி இது என்று வேறுபடுத்திக் கூறும் நேர்மை அக்காலத்தே இருந்தது. படியெடுத்தலைக் குற்றமெனக் கருதும் எண்ணம் இருந்ததில்லை.

அச்சு வந்தபின் நிலைமை மாறியது. ஒரு படி எழுதுவோன் உழைப்பு வேறு. ஆயிரம் படி அச்சிடுவோன் முதலீடு வேறு. நூலாசிரியர்க்கு ஊதியம் கிடைத்தற்கும் வெளியிடுவோர்க்கு முதல் திரும்புதற்கும் வரம்புடைய தனியுரிமை வேண்டப்பட்டது. இங்கிலாந்தில் 1710ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியாரின் சட்டம் அதன் தொடக்கம். இந்தியாவில் 1847ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1914ஆம் ஆண்டுச் சட்டமும், விடுதலைக்குப் பின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டு வரை உரிமை நின்றது. தாகூர் 1941ஆம் ஆண்டில் மறைந்தவராதலின் அவர் நூல்கள் 1991ஆம் ஆண்டிறுதியிற் பொதுவாக வேண்டியிருந்தன. அத்தறுவாயில் 50 ஆண்டு 60 ஆண்டாக நீட்டப்பட்டது. 1942ஆம் ஆண்டில் மறைந்த உ. வே. சாமிநாதையர் அவர்கள் தம் வாழ்நாளில் அச்சிற் கொணர்ந்த சொந்த எழுத்துகளும் இந்நீட்சிக்கு உட்பட்டு, 2002ஆம் ஆண்டிறுதி வரை உரிமைக்குள் அடங்கின. வங்கக் கவிஞர் ஒருவரைக் கருதிச் செய்த திருத்தம் தமிழ் நூல்களின் வரலாற்றையும் பத்தாண்டு தள்ளிவைத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

2. பாரதி பாடல்கள்

பதிப்புரிமைக்கும் பொதுமக்கள் உரிமைக்கும் இடையே தமிழகத்தில் எழுந்த முதற் பெரும் வழக்கு பாரதியாரைப் பற்றியது. அவர் 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். 1928ஆம் ஆண்டில் அரசு அவர் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சென்னைச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதனைக் கண்டித்து வாதிட்டார். அஃது அரசியல் அச்சத்தாற் போட்ட பூட்டு.

இருபதாண்டு கழிந்தபின் அதே பாடல்கள் வேறொரு பூட்டிற்கு ஆளாயின. அச்சுரிமை பாரதியாரின் மாற்றாந்தாய் மகனான சி. விசுவநாதனிடம் இருந்தது. ஒலிப்பதிவு உரிமை 1934ஆம் ஆண்டில் வணிகர் ஒருவர் கைக்குச் சென்று, 1946ஆம் ஆண்டில் திரைப்பட உற்பத்தியாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. 1948ஆம் ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்று இடம்பெற்றபோது, தம் உரிமை மீறப்பட்டதெனச் செட்டியார் சட்ட நடவடிக்கையில் இறங்கினார். சட்டத்தை மட்டும் நோக்கின் அவர் கூற்றில் தவறில்லை. அவர் விலை கொடுத்து வாங்கியவர். ஆனால் விடுதலைப் பாடல்களைப் பாடுதற்கு ஒருவரிடம் இசைவு பெறல் வேண்டும் என்பது மக்கள் மனத்திற்கு ஒவ்வாதாயிற்று. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக்கெனக் கழகம் கண்டு போராடினர்.

முடிவு வியத்தற்குரியது. 1949ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த அரசின் கல்வியமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், அரசே அவ்வுரிமையை ஏற்கும் என அறிவித்தார். மெய்யப்பச் செட்டியார் இழப்பீடு எதுவும் பெறாது தம் உரிமையைக் கையளித்தார்; கவிஞரின் குடும்பத்தார்க்கும் விசுவநாதனுக்கும் அரசு தொகை வழங்கியது. 1955ஆம் ஆண்டில் பாரதி நூல்கள் யாவர்க்கும் பொதுவெனப்பட்டன. அரசு தலையிடாதிருப்பின் சட்டப்படி 1971ஆம் ஆண்டிறுதி வரை அவை தனியுடைமையாகவே நின்றிருக்கும்.

இந்நிகழ்ச்சியை உரிமைக்கு எதிரான வெற்றி என்று கூறுவார் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. இங்கே உரிமையுடையார் யாவர் என்பது தெரிந்திருந்தது. அவர்தம் கூற்று கேட்கப்பட்டது. பணம் பெற வேண்டியோர் பெற்றனர். வழக்கிற்குரிய பொருளும் பாரதியின் நூல்கள் என வரையறுக்கப்பட்டிருந்தது. ஆதலின் உரிமையை அழியாமலே பொதுநலம் காக்கப்பட்டது என்பதே பொருத்தமாகும்.

3. 2012ஆம் ஆண்டுத் தடையாணை

மேற்கூறிய மூன்று இயல்புகளும் இல்லாத நிலையில் என்ன விளையும் என்பதற்கு 2012ஆம் ஆண்டு சான்றாகும். '3' என்னும் திரைப்படம் அவ்வாண்டு மார்ச்சு 30ஆம் நாள் வெளியாயிற்று. அதன் பாடல் ஒன்று முன்னாண்டு நவம்பரிலேயே இணையத்தில் வெளியிடப்பட்டு, விலையின்றி உலகெங்கும் பரவிப் படத்திற்குப் பெரும்பெயர் தேடித் தந்திருந்தது. பரவுதலால் புகழ் பெற்ற அப்படமே பரவுதலைத் தடுக்க வேண்டி நீதிமன்றம் சென்றது. இதனை முரண் என்று எள்ளுதல் முறையன்று. விளம்பரத்திற்காகத் தாமே வழங்கும் பாடல் வேறு. பலர் உழைத்து, கடன் பெற்று எடுத்த முழுப்படத்தை வெளியான நாளிலேயே பிறர் எடுத்து வழங்குதல் வேறு.

படத்தின் உற்பத்தி நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தில் இணையச் சேவை நிறுவனங்களையும், பெயர் தெரியாத குற்றவாளிகளையும் எதிரிகளாகச் சேர்த்தது. பெயரறியாதார்க்கு 'அசோக் குமார்' என்னும் கற்பனைப் பெயர் வழங்கப்பட்டது. இத்தகைய ஆணை நம் நாட்டில் 2002ஆம் ஆண்டிலேயே தில்லி உயர்நீதிமன்றத்தில் தோன்றியது. அங்கே அது கம்பிவடத் தொலைக்காட்சியாளரைப் பற்றியது. 2012ஆம் ஆண்டு ஏப்பிரலில் சென்னையில் இடைக்காலத் தடையாணை பிறந்தது. அதனைப் பெற்ற சேவை நிறுவனங்கள் படம் கிடந்த பக்கங்களை மட்டும் தேடி மூடும் தொல்லையை மேற்கொள்ளவில்லை; மே மாதத்தில் தளங்களையே அடியோடு மூடின. விமியோ, டெய்லிமோஷன் போன்ற காணொளித் தளங்கள் பலர்க்குத் திறவாதாயின. அங்கே தம் சொந்தப் படைப்புகளை வைத்திருந்த மாணவரும் கலைஞரும் ஒரு குற்றமும் செய்யாமலே தடைக்குட்பட்டனர். அவருள் எவரும் வழக்கில் எதிரியல்லர். எவரையும் நீதிமன்றம் கேட்டதுமில்லை. சூன் 9ஆம் நாள் நாட்டின் பல நகரங்களில் இளைஞர் முகமூடி அணிந்து தெருவில் நின்று கண்டித்தனர்.

அதே ஆண்டு சனவரி 18ஆம் நாள், அமெரிக்கப் பேரவையில் இருந்த இரண்டு பதிப்புரிமைக் காவல் மசோதாக்களைக் கண்டித்து ஆங்கில விக்கிப்பீடியா ஒருநாள் முழுவதும் தன் பக்கங்களை மூடியதும், அம்மசோதாக்கள் கிடப்பிற் போடப்பட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கன. அங்கே சட்டம் பிறக்குமுன் எதிர்ப்பு எழுந்தது. இங்கே ஆணை பிறந்தபின் எழுந்தது.

சூன் 22ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தன் ஆணையைத் தெளிவுபடுத்தியது. தடை, படம் வைக்கப்பட்டுள்ள குறித்த முகவரிக்கே உரியது. தளம் முழுவதற்கும் அன்று. அம்முகவரியை மனுதாரரே குறித்துத் தெரிவித்தல் வேண்டும். தெரிவித்த 48 மணி நேரத்துள் சேவை நிறுவனம் அதனை மூடுதல் வேண்டும். உரிமையும் நின்றது, தடையும் குறுகியது. மார்ச்சில் வந்த படத்திற்கு ஏப்பிரலிற் பெற்ற ஆணை சூனில்தான் அளவு பெற்றது என்பதே குறை.

4. பின்வந்த நெறிகள்

பதிப்புரிமைச் சட்டம் 2012ஆம் ஆண்டிலேயே திருத்தம் பெற்றது. 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமையாளர் எழுத்து மூலம் முறையிட்டால் இடைநிலை நிறுவனம் 36 மணி நேரத்துள் அப்பொருளை மறைத்து, 21 நாள் வரை காத்தல் வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வாராவிடின் மீண்டும் திறக்கலாம். 2015ஆம் ஆண்டு மார்ச்சில் சிரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் இடைநிலை நிறுவனம் ஒன்றை நீக்க நீதிமன்றத்தின் ஆணையோ அரசின் அறிவிப்போ வேண்டும் என்று விளக்கியது. ஆயின் 2016ஆம் ஆண்டு டிசம்பரில் மைஸ்பேஸ் வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம், பதிப்புரிமையைப் பொறுத்தவரை உரிமையாளர் குறித்துத் தெரிவித்தலே போதும் எனக் கொண்டது. எனவே இணையத்தில் ஏனைய சொற்களை அகற்ற ஆணை வேண்டும்; பதிப்புரிமை என்னும் பெயரால் அகற்ற முறையீடே போதும். எம் மாணவியார் கண்ட ஒற்றை வரியின் பின்னணி இவ்வேறுபாடே.

தண்டனையும் கடுமையாயிற்று. தமிழகத்தில் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக்காவற் சட்டத்தில் 2004ஆம் ஆண்டில் திருட்டுக் காணொளி விற்போரும் சேர்க்கப்பட்டனர். விசாரணையின்றியே ஓராண்டு வரை சிறைவைக்க அது இடந்தரும். 2023ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தம் மூன்று திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், படத்தின் உற்பத்திச் செலவில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை தண்டமும் விதிக்கின்றது. பெயரை மாற்றி மாற்றி எழும் தளங்களைத் தொடர்ந்து மூடும் முறையைத் தில்லி உயர்நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் ஏற்றது. ஆயினும் முற்றிலும் திருட்டிற்கென்றே நடப்பவை எவை என்று ஆராய்ந்தே முழுத் தடை விதித்தல் வேண்டும் என்றும் அது வரையறுத்தது. இணையவழிப் பேச்சும் அரசியலமைப்பின் காப்பிற்கு உரியது என்று உச்சநீதிமன்றம் 2020ஆம் ஆண்டு சனவரியில் உரைத்தது.

5. தமிழாய்வாளர் கொள்ளத்தக்கன

இவற்றால் தமிழாய்விற்குப் பெறப்படுவது யாது? 1998ஆம் ஆண்டுப் பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் உலகெங்கும் உள்ள தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. கருங்குழி போன்ற ஊர்களில் உள்ள மாணவர்க்கு இவையே ஆய்வு நூலகம். தளம் முழுவதையும் மூடும் தடை, களவாடப்பட்ட ஒரு நூலோடு பொதுவுடைமையான நூறு நூல்களையும் மூடிவிடும். இழப்பு திரைப்படத்துறைக்கும் இல்லை, தளத்தார்க்கும் இல்லை; படிப்பவர்க்கே.

அதே வேளையில் நம்மவர் தவறும் உண்டு. இன்று வாழும் எழுத்தாளரின் புதிய நூலை ஒளிநகலாக்கி இணையத்தில் விடுவோர், தமிழ் வளர்ச்சி என்று அதற்குப் பெயரிடுகின்றனர். சிறு பதிப்பகம் ஒன்று ஒரு நூலில் இட்ட முதலை இழந்தால் அடுத்த நூலை வெளியிடாது. அவ்வகையில் அழிவதும் தமிழே. கவிஞரின் குடும்பத்திற்குத் தொகை கொடுத்தே பாரதியை விடுவித்த நாடு இது என்பதை அவர்கள் மறத்தல் ஆகாது.

பழநூற் பதிப்பிலும் தெளிவு வேண்டும். சங்கப் பாடலின் மூலம் யாவர்க்கும் பொது. பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் குறிப்புரையும் அவர்க்கு உரியன. இடைப்பட்ட பாடத்தேர்வு எத்தகையது? வெறும் உழைப்பு மட்டும் பதிப்புரிமை தாராது, சிறிதேனும் ஆக்கத்திறன் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2007ஆம் ஆண்டில், தீர்ப்புத் தொகுப்புகளைப் பற்றிய வழக்கில் கூறியது. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடங்கொள்ளும் பதிப்பாசிரியர் பணி எத்துணை ஆக்கத்திறன் உடையது என்பதை வழக்கறிஞர் அல்லர், நாமே எடுத்துரைத்தல் வேண்டும். ஆய்விற்கெனப் படித்தலையும் மேற்கோளாக எடுத்தாள்தலையும் 1957ஆம் ஆண்டுச் சட்டமே நேரிய அளவில் விலக்களித்துக் காக்கின்றது. வகுப்பறைப் பாடத்திற்கென நூற்பகுதிகளை ஒளிநகல் எடுத்தலைத் தில்லி உயர்நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் ஏற்றதும் இதனோடு ஒக்கும்.

மாணவியாரின் வினாவிற்கு யாம் கூறிய விடை வருமாறு. முதலில் பதிப்பாசிரியர் மறைந்த ஆண்டினை நோக்குக. அவ்வாண்டு முடிந்தபின் 60 ஆண்டு கழிந்திருப்பின் அவர் எழுத்து பொதுவுடைமை. கழியாதிருப்பினும், ஆய்விற்கெனத் தனியே படித்தற்கும் அளவோடு மேற்கோள் காட்டுதற்கும் சட்டம் இடந்தருகின்றது; முழுநூலையும் படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல் மட்டும் கூடாது. அவர் நாடிய நூலின் பதிப்பாசிரியர் மறைந்து 60 ஆண்டிற்கு மேலாயிற்று. அவர் படித்தது களவன்று. மூடப்படாதிருக்க வேண்டிய கதவு ஒன்று, அடுத்த கதவின் பொருட்டு மூடப்பட்டது, அவ்வளவே. யார் முறையிட்டார், எந்நூலைக் குறித்து, மறுப்புரைக்க யாருக்கு வாய்ப்பளிக்கப்பட்டது என்னும் மூன்றும் திரையில் நின்ற அந்த வரியோடு எழுதப்பட்டிருக்குமாயின், அவர் எம்மை வினவ வேண்டிய தேவையே எழுந்திராது.